ஒரு மணித்தியாலத் தூரமும் உலகைச் சுற்றும் வழியும்

தேசப்படத்தில் பெரிங் நீரிணையின் இரு மருங்கையும் நோக்குங்கள். கிழக்கே அமெரிக்காவின் அலாஸ்காவில் நோம். மேற்கே ருஷ்யாவின் சுக்கோட்காவில் புரொவிடேனியா. இரண்டும் சில ஆயிரம் மக்களே வாழும் சிற்றூர்கள். நோமை அலாஸ்காவின் பெருநகரங்களோடு இணைக்கும் வீதி கிடையாது. ஆகாயமே அதன் பெருந்தெரு. இவ்விரு ஊர்களுக்குமிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 375 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். இடையே சர்வதேசத் திகதிக்கோடு செல்வதால், மாரிகாலத்தில் நோமில் திங்கள் நண்பகலாயிருக்கும் வேளையில் புரொவிடேனியாவில் செவ்வாய் காலை ஒன்பது மணி.

இது புவியியலின் கணக்கு. அரசியலின் கணக்கோ வேறு. 2022 பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. அடுத்த மாதமே அமெரிக்கா தன் வான்பரப்பை ருஷ்ய விமானங்களுக்கு மூடிற்று. அமெரிக்க விமானங்களுக்கும் ருஷ்ய வான்வழி அடைபட்டது. அதன்பின் நோம்வாசி ஒருவர் புரொவிடேனியாவுக்கு விமானத்திற் செல்வதாயின், முதலில் எதிர்த்திசையில் அங்கரேஜுக்குப் பறக்கவேண்டும். பின்னர் துருக்கி போன்ற மூன்றாவது நாடொன்றின் ஊடாக மொஸ்கோவை அடைந்து, அங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே பறந்து அனடீர் சேரவேண்டும். புரொவிடேனியா அதற்கும் அப்பால். அண்டைவீட்டுக்குச் செல்ல உலகைச் சுற்றிவரும் கதைதான்!

நிற்க. இக்கதவு அடைபடுவது இது முதன்முறையன்று. அலாஸ்காவின் புனித லோரன்ஸ் தீவிலும் எதிரேயுள்ள ருஷ்யக் கரையிலும் வாழும் யூப்பிக் மக்கள் ஒரே மொழியினர், உறவினர். 1948 இல் எல்லை மூடப்பட்டபோது அக்குடும்பங்கள் பிரிந்தன. நாற்பது ஆண்டுகளின் பின், 1988 ஜூன் 13 இல், நட்புறவு விமானமொன்று நோமிலிருந்து புரொவிடேனியா சென்றது. அதிற் சென்றோருள் உறவினரைக் காணச்சென்ற பழங்குடியினரும் இருந்தனர். அடுத்த ஆண்டே, அம்மக்கள் விசாவின்றிச் சென்றுவர இரு அரசுகளும் உடன்பாடு கண்டன.

ஆயினும் படைப்பலம் ஒன்றே தூரத்தை நீட்டுகிறது என நான் கூறவரவில்லை. அலாஸ்கா விமான நிறுவனம் 1991 இல் ருஷ்யத் தூரகிழக்கு நகரங்களுக்குத் தொடக்கிய சேவை, 1998 இல் ருஷ்யப் பொருளாதாரம் சரிந்தபோது நின்றுபோயிற்று. அன்று வானம் திறந்தே இருந்தது, பணமே இல்லாதிருந்தது. ஆகவே இத்தகைய ஊர்களுக்கிடையே விமானம் பறப்பதற்கு அரசின் அனுமதியும் வேண்டும், அதன் ஆதரவும் வேண்டும். சந்தையை மட்டும் நம்பினால் சிற்றூர் என்றும் கடைசி வரிசையிலேயே நிற்கும்.

2025 ஆகஸ்ட் 15 இல் இருநாட்டு அதிபர்களும் அங்கரேஜில் சந்தித்தனர். ருஷ்ய அதிபரின் விமானம் மகடானிலிருந்து நேரே அலாஸ்காவுக்குப் பறந்தது. அதிபருக்குத் திறக்கும் வானம், தமக்கையைக் காணவிரும்பும் மூதாட்டிக்கும் திறத்தல் இயலாததன்று. படையெடுப்புக்கு எதிரான தடைகள் நியாயமானவையே. ஆனால் உறவினரை ஏற்றிச்செல்லும் சிறு விமானம் எந்தப் போரையும் நீட்டாது. 1989 இன் உடன்பாடு அதற்கு முன்மாதிரி. வல்லரசுகளின் உறவை அளப்பதற்கு மாநாட்டு மண்டபங்களை நோக்குவதிலும் பார்க்க, நோமுக்கும் புரொவிடேனியாவுக்கும் இடையே விமானம் பறக்கின்றதா என நோக்குவதே தக்கது என்பது என் துணிபு.