கல்லைத் தொடாத சரித்திரம்

சரித்திர எம்.ஏ. படிப்பில் வரலாற்று வரைவியல் என்றொரு பாடம் உண்டு. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது, சான்றை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம். வேறு எது இல்லாவிட்டாலும் இது இருந்தே ஆக வேண்டும். ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில் அது நடக்கிற அழகைப் பார்த்தால், இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஹெரடோட்டஸ், இபின் கல்தூன், ராங்கே, டாயன்பி என்று வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு பக்கம் நோட்ஸ். பரீட்சையில் கக்கிவிட்டால் முதல் வகுப்பு. இதிலே ஒரு வேடிக்கை: அந்த ராங்கே 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, மூல ஆவணங்களைச் சோதிக்கப் பழக்கியவர். அவர் செய்ததை விட்டுவிட்டு, அவர் பிறந்த வருஷத்தை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று காவேரியின் நீளத்தை எழுதிப் போடுகிற கதை இது.

அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு இது நேர்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாத்தனூர்க் கல்மரத்தையும் அரியலூர்க் கடற்சிப்பிகளையும் தேடி, பூகர்ப்ப சாஸ்திர மாணவர்கள் எங்கெங்கிருந்தோ சுத்தியலோடு வருகிறார்கள். இங்கேயே பிறந்த சரித்திர மாணவனோ கீழப்பழுவூர் வழியாகப் பஸ்ஸில் போய், ராங்கேயைப் படித்துவிட்டு, அதே வழியில் திரும்பி வருகிறான்.

அந்தப் பழுவூரையே எடுத்துக்கொள்வோம். பழுவேட்டரையர் என்றதும் ஞாபகம் வருவது, 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'தான். ஆனால் கீழையூர் இரட்டைக் கோயிலிலும் மேலப்பழுவூரிலும் கீழப்பழுவூரிலும் அவர்கள் காலத்துக் கல்வெட்டுகள் நிஜமாகவே இருக்கின்றன. நந்தினி கற்பனை, அந்தக் குலம் கற்பனையல்ல. சான்று எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று எம்.ஏ. படித்தவனைக் கேளுங்கள். தலையைச் சொறிவான்.

ஒரு சாதாரண விளக்குத் தானக் கல்வெட்டு போதும், முறையியல் முழுவதையும் கற்றுக் கொடுக்க. ராஜராஜன் காலம் தொட்டுப் பல கல்வெட்டுகளில் முதலில் மெய்க்கீர்த்தி வரும். ராஜேந்திரன் என்றால் கங்கை, கடாரம். வென்றவன் தன்னைப் பற்றி வெட்டி வைத்த சொல்லை எவ்வளவு நம்பலாம்? இது முதல் கேள்வி. பிறகு, நந்தா விளக்குக்குச் 'சாவா மூவாப் பேராடு' 96 என்று வரும். சாகாத, கிழடாகாத ஆடு உலகத்தில் உண்டா? செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டியவன் இடையன். கொடுத்தவனுக்குப் புகழ், சுமந்தவனுக்கு? இது இரண்டாவது கேள்வி.

"அதெல்லாம் கல்வெட்டு நிபுணர் வேலை" என்பார்கள். ஜப்பானியரான நொபொரு கராஷிமா, திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனி ஆட்களுடையது, அல்லூரில் ஊர்ப்பொது என்று கண்டார். தமிழைக் கற்றுக்கொண்டு வந்தவருக்கு முடிந்தது, தமிழிலேயே பிறந்தவனுக்கு முடியாதா? "சுற்றுலா அழைத்துப் போகிறோமே" என்பார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து நந்தியின் முன் போட்டோ எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

பட்டம் வாங்காத கதைக்காரனுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். எனக்குத்தான் வர வேண்டும். பொய் சொல்ல எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. வாசகனும் தெரிந்தேதான் வாங்குகிறான். இது கதை, இது சான்று என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இருக்கும்வரைதான் என் தொழில் நாணயமான தொழில். அந்த ஆளை உருவாக்க வேண்டியது சர்வகலாசாலை. அவன் இல்லாத ஊரில் ஜாதிக்கொரு ராஜா, மேடைக்கொரு பரம்பரை என்று யார் எதைச் சொன்னாலும் சரித்திரமாகிவிடும், ஆகிக்கொண்டும் இருக்கிறது.

ஆகவே, அந்தக் கேள்வித்தாளைக் கிழித்துப் போடுங்கள். மாணவனை ஒரு கல்வெட்டின் முன் நிறுத்தி, "இதை யார், யாருக்காக, ஏன் வெட்டினார்கள்? இதில் பேசாதவன் யார்?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவனுக்கு எம்.ஏ. கொடுங்கள். ராங்கே பிறந்த வருஷம் அவனுக்குத் தெரியாமற் போனால் குடி முழுகிவிடாது.