கோடரி உங்க கையில!

‘காமிக்ஸா... அது பொடிப்பசங்க சமாச்சாரமாச்சே!’னு உதட்டைப் பிதுக்குற பார்ட்டி உங்க கேங்லயும் ஒண்ணு இருக்கும். காலேஜ் வாசிப்பு வட்டத்துல அடுத்த தடவை கிரைம் காமிக்ஸ் பேசப்போறீங்களா? அந்தப் பார்ட்டியைக் கட்டாயம் கூப்பிட்டு, முன் வரிசையில உட்காரவைங்க.

ஸ்காட் மெக்ளவுட்னு ஒரு அமெரிக்கர். காமிக்ஸ் எப்படி வேலை செய்யுதுங்கிறதை காமிக்ஸாவே வரைஞ்சு, 1993-ல் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’னு புத்தகம் போட்டவர். அதில் ரெண்டே ரெண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஒருத்தன் கோடரியை ஓங்குறான், எதிரே இருக்கறவன் பதறுறான். அடுத்த கட்டத்தில் ராத்திரி நேர நகரம், ஓர் அலறல். அவ்வளவுதான்! வெட்டு விழுந்ததை யாருமே வரையலை. ஆனா, பார்க்கிற அத்தனை பேருக்கும் கொலை நடந்தது தெரியும். எங்கே நடந்தது? ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை இடைவெளியில். அதாவது, உங்க மண்டைக்குள்ள. எவ்வளவு வேகமா, எந்த இடத்துல வெட்டினீங்கங்கிறது உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச ரகசியம் பாஸ்!

1972-ல் முத்து காமிக்ஸோட முதல் இதழா வந்த இரும்புக்கை மாயாவியும் இந்த வித்தையாலதான் ஜெயிச்சார். மின்சாரம் பாய்ஞ்சதும் ஆள் மறைஞ்சிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்துல மிதக்கும். மிச்ச உடம்பை வரைஞ்சது யாரு? உங்க அப்பாவோ தாத்தாவோதான். (டிராயிங்ல என்ன மார்க்குனு மட்டும் கேட்டுடாதீங்க!)

அதனால, ‘கொலையாளி யாரு, எப்படி மாட்டினான்’ங்கிற பேச்சை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க. அதுக்கு விக்கிப்பீடியா போதும். ‘எதை வரைஞ்சு காட்டினாங்க, எதை நம்ம தலையில விட்டாங்க, ஏன்?’ங்கிறதுதான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச வேண்டிய விஷயம்.

இதே கேள்வி ஒருமுறை அமெரிக்காவில் விசாரணைக்கே போயிருக்கு. ஏப்ரல் 1954, நியூயார்க். சிறார் குற்றங்கள் பற்றிய செனட் கமிட்டி முன்னால இ.சி. காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் உட்கார்ந்திருக்கார். ‘க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ இதழோட அட்டை ஒண்ணைத் தூக்கிக் காட்டுறார் செனட்டர் கெஃபாவர். ஒருத்தன் கையில கோடரி, இன்னொரு கையில ஒரு பெண்ணோட தலை. ‘இதுதான் உங்க ரசனையா?’ங்கிற மாதிரி கேள்வி. கெய்ன்ஸ் அசரலை. ‘திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது சரியான ரசனைதான். தலையை இன்னும் உயர்த்திப் பிடிச்சு, கழுத்துல ரத்தம் சொட்டுறதைக் காட்டியிருந்தாத்தான் தப்பு’ங்கிற ரீதியில பதில் சொன்னார். பேப்பர்காரங்களுக்குச் செம தீனி! அந்த வருஷமே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ‘காமிக்ஸ் கோட்’னு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. கெய்ன்ஸ் தன்னோட கிரைம், திகில் இதழ்களை மூட வேண்டியதாப் போச்சு.

அதே விசாரணையில காமிக்ஸுக்கு எதிரா சாட்சி சொன்ன மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தமோட ஆவணங்களைப் பின்னாடி கரோல் டில்லிங்கிற ஆய்வாளர் புரட்டிப் பார்த்தார். பசங்க சொன்னதா அவர் எழுதினதுல பல இடங்கள்ல வெட்டு, ஒட்டு நடந்திருக்குனு 2012-ல் வெளியிட்டார். காமிக்ஸ் ரசிகர்கள் துள்ளிக் குதிச்சாங்க. குதிக்கலாம்... ஆனா கெய்ன்ஸோட பதிலைச் சிரிச்சுட்டு மட்டும் விட்டுடாதீங்க. எந்த இடத்துல கோடு கிழிக்கிறதுங்கிற கேள்வி அதுல அப்படியே நிக்குது.

ஆலன் மூர் எழுதி, எடி கேம்ப்பெல் வரைஞ்ச ‘ஃப்ரம் ஹெல்’ அந்தக் கோட்டைத் தாண்டியே போகும். 1888-ல் லண்டன் வைட்சாப்பல் பகுதியில் அஞ்சு பெண்களைக் கொன்ன ‘ஜாக் தி ரிப்பர்’ கதை. கறுப்பு வெள்ளைதான், ஆனா பத்தாவது அத்தியாயம் முழுக்க மேரி கெல்லியோட கொலை. உங்க கற்பனைக்கு மூர் எதையும் மிச்சம் வைக்கலை. வக்கிரம்னு சில பேர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. அதுக்கு முந்தின அத்தியாயங்கள்ல அவங்க வாடகைக் கஷ்டம், குடி, சிநேகிதிகள், பயம்னு எல்லாத்தையும் கூடவே இருந்து பார்த்துட்டோம். வழக்கமான துப்பறியும் கதையில பிணம்ங்கிறது வெறும் தடயம். இங்கே கத்தி இறங்கும்போது தெரிஞ்ச ஒருத்தர் சாகிறாங்க. புத்தகத்தை மூர் சமர்ப்பணம் செஞ்சிருக்கிறதும் அந்த அஞ்சு பேருக்குத்தான்.

ஆனா, ஒரு இடத்துல அவரை மடக்கலாம். கொலையாளியா அவர் காட்டுற டாக்டர் வில்லியம் கல், நிஜமா வாழ்ந்த மனுஷர். அவர்தான் கொன்னார்ங்கிறதுக்கு ஆதாரமே கிடையாது. எது வரலாறு, எது தன் கற்பனைனு கடைசியில பக்கம் பக்கமா குறிப்பு கொடுத்திருக்கார் மூர். அந்தக் குறிப்பு போதுமா? செத்துப்போன ஒருத்தர் பேர்ல இப்படிக் கொலைப்பழி போடலாமா? ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு மோதுங்க, பொறி பறக்கும்!

இன்னொண்ணு... பத்தாவது அத்தியாயத்தைப் பார்க்க முடியலைனு யாராவது எழுந்து போனா, ஏன்னு கேட்காதீங்க. கேலி பண்ணாதீங்க. தைரியத்துக்கு மார்க் போடுற இடமில்லை அது.

முடிஞ்சவரைக்கும் ஃபோன்ல படிச்சுட்டு வராதீங்க. அதுல கட்டம் கட்டமா பெருசாக்கிப் பார்த்தா, இடைவெளி மொத்தமா காணாமப்போயிடும். ஒரே ஒரு காப்பிதான் இருக்கா? மேஜை நடுவுல விரிச்சு, வசன பலூன்களைக் கையால மூடிட்டு, படத்தை மட்டும் பார்த்துக் கதையை ஒருத்தர் சொல்லட்டும். அப்புறம் கையை எடுங்க.