மேற்கோள் மட்டும் அமையுமா?

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தில் மேற்கோள் கூறிய அளவில் அமைந்தாரல்லர், ஏதுக் காட்டினார், எடுத்துக்காட்டும் தந்தார். இறைவன் உளன் என்னும் உண்மைக்கே ஏது வேண்டுமென்று கொண்ட மரபினராகிய நாம், ஓர் இரும்புத்துண்டின் காலத்துக்கு ஏது வேண்டாவென்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினா எழுந்த காரணம் கூறுதும். 2004-ஆம் ஆண்டுவரை தருமபுரி மாவட்டத்துள் அடங்கி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்ததாகிய மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ஆம் ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. யாமும் கேட்டு மகிழ்ந்தேம். ஆயினும் மகிழ்ச்சி வேறு, அளவை வேறு. கரிமக் கணிப்பால் அளக்கப்பட்டது இரும்பன்று. அதனோடு கிடந்த கரியேயாம். இரண்டும் ஒரே காலத்தன என்பது கருதலளவையாற் பெறப்படுவது. அக்கருதலுக்கு ஏதுவாவன யாவை? கரி கிடந்த குழி, அதன் ஆழம், மண்ணடுக்கின் படம், ஆய்வுக்கூடம் தந்த எண், பிழையெல்லை என்பனவாம். இவற்றைக் கண்டு பிறரும் அக்கணக்கை மீளச் செய்து பார்த்தல் கூடுமாயின், அது முடிபு; கூடாதாயின் வெறும் மேற்கோள். தொல்லியல் துறையார் இதுபற்றி நூல் வெளியிட்டுள்ளனர். நம் மேடைப் பேச்சாளரோ நூலைத் தீண்டாது எண்ணை மட்டும் முழக்குகின்றனர். செய்தித்தாள் ஆகமமாமோ?

அற்றேல், ஐயுறுவோர் தமிழ்ப் பகைவராகாரோ எனின், ஆகார். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதன் மெய்ம்மையைச் சிலர் ஐயுற்றனர். அவர்க்கு விடை வசைமொழியன்று; அப்பாறையே விடை. எவரும் சென்று காணலாம்; எழுத்தை ஒப்புநோக்கலாம். அசோகன் கல்வெட்டுக் கூறும் சதியபுதர் தகடூர் அதியரே என்னும் கருத்து அங்ஙனம் ஆராயப்பட்டே வலியுற்றது. தகடூராவது இற்றைத் தருமபுரியே. ஐயம் மெய்யைக் கெடுப்பதன்று, புடமிடுவது.

இக்குறை பிறரிடத்து மட்டுமன்று, நம்மிடத்தும் உண்டு. குடமுழுக்கு மலர்களில் ‘ஈராயிரம் ஆண்டுப் பழமை’ என எழுதுகின்றோம். எக்கல்வெட்டு, எவ்வரி, படியெடுத்தார் யார், சிதைந்த எழுத்துக்கள் யாவை, ஊகித்து நிரப்பியவை யாவை என்று குறிக்கின்றோமா? இல்லை. பிறர் அதனை ஆராய்ந்து பொய்யெனக் காட்டுங்கால், நம் மெய்யுரைகளும் உடன் இகழப்படும். அப்பழி நம்மதேயாம்.

ஆகலின் சைவ அன்பர்காள், இனி எப்பழமை கூறினும் ஏதுவையும் உடன் வைம்மின். ஏது இல்வழி வாய் வாளாமின். சிவம் என்பது மெய்ப்பொருள். அதற்குப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை.