பட்டாளம் அனுப்பும் தர்மம்

ஒரு தேசத்துப் பட்டாளம் மற்றொரு தேசத்துக்குள் புகுவது நியாயமா என்று கேட்டால், நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் "யாருடைய பட்டாளம்?" என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். அமெரிக்கா 2003-ல் இராக்கில் புகுந்தது அக்கிரமம் என்பார்கள். ருஷியா 1979-ல் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததைக் கேட்டால் சிலர் தலையைச் சொரிவார்கள். நமது இந்திய சர்க்கார் 1987-ல் இலங்கையில் புகுந்ததைக் கேட்டாலோ, "அது அமைதிப் படையல்லவா?" என்று பெயரைக் காட்டியே பதிலை முடித்துவிடுவார்கள். பெயரைப் பார்த்து வஸ்துவை மதிக்கிற வழக்கம் நமக்குப் புதிதல்லவே!

இந்த விஷயத்தைப் பற்றிப் பேச தர்மபுரி ஜில்லாக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிக உரிமை உண்டென்றே சொல்லுவோம். தகடூர் என்று பெயர் வழங்கிய காலத்தில், அதியமான் திருக்கோவிலூர்க் காரியை அடித்தான். அடிபட்டவன் சேரனிடம் போனான். சேரன் படையெடுத்து வந்து தகடூரை அழித்தான் என்று புலவர்கள் பெருமையாகப் பாடிவைத்தார்கள். வெந்துபோன வீட்டுக்காரன் பாடினதாக ஒரு பாட்டையும் காணோம். பிறகு 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இந்தப் பாராமகால் சீமை கும்பினியார் வசமாயிற்று. திப்புவின் கொடுங்கோன்மையை ஒழிக்க வந்ததாகத்தான் கும்பினியாரும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய ரீடு துரையும் மன்றோ துரையும் இங்கே வந்து உட்கார்ந்து செய்த பெரிய காரியம் என்ன? நிலத்தை அளந்து தீர்வை விதித்ததுதான்! ஆகவே "உன்னைக் காப்பாற்ற வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு துப்பாக்கியோடு வருகிறவனுடைய மறுகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி நமக்கு இருந்திருக்க வேண்டும்.

இனி இலங்கைக்கு வருவோம். 1987 ஜூன் 4-ந் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து அரிசி முதலிய சாமான்களைப் போட்டன. அதற்குப் "பூமாலை" என்று பெயர் வைத்தார்கள். முற்றுகையில் கிடந்த ஜனங்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். நாமும் அதைக் குறை சொல்லவில்லை. ஜூலை 29-ந் தேதி கொழும்பில் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்தியப் பட்டாளம் இறங்கியது. அதே நாள், அணிவகுப்பில் நின்ற சிங்களச் சிப்பாய் ஒருவன் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். ஆகவே சிங்களவருக்கு இது எவ்வளவு பிரியமான காரியம் என்பது முதல் நாளே வெளியாகிவிட்டது.

தமிழர் பிரியமாவது கேட்கப்பட்டதா? ஒப்பந்தத்தில் எந்தத் தமிழனுடைய கையெழுத்தாவது உண்டா? ஒன்றுமில்லை. பெண்ணைக் கேளாமல் சம்பந்திகள் இருவரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டு, பிறகு பெண் மாட்டேனென்றால் அவளையே அடிக்கிற கலியாணத்தை நம் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். இதுவும் அப்படிப்பட்ட கலியாணந்தான்.

சம்பந்திகளுக்குக் கிடைத்த சீர் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தோடு இருவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த அன்னிய நாட்டின் இராணுவத்துக்கும் விடக்கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் கூட்டாக நடத்த வேண்டும், அன்னியருடைய ரேடியோ நிலையங்களின் ஏற்பாட்டைத் திரும்ப ஆலோசிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. இவை தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு சர்க்கார் தன் நன்மையைப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் தமிழன் உயிருக்காகப் போனோம் என்று இங்கே மேடையில் சொல்லிவிட்டு, எண்ணெய்த் தொட்டியைப் பற்றி அங்கே கடிதம் எழுதுவதை யோக்கியமென்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் மாதத்தில் பூமாலை போய் யுத்தம் வந்தது. அதற்கு வைத்த பெயர் "பவன்", அதாவது காற்று. யாழ்ப்பாணச் சர்வகலாசாலை மைதானத்தில் ராத்திரியில் இறக்கப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் ஒருவன் தவிர எல்லாரும் மாண்டார்கள். எங்கோ பஞ்சாபில் ஏர் பிடித்திருக்க வேண்டிய அந்தப் பிள்ளைகளுக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் என்ன விரோதம்? அக்டோபர் 21-ந் தேதி பட்டாளம் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. வைத்தியர், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்று தீபாவளி. கொல்லப்பட்டவனுக்கு அசுரன் என்று பெயர் கொடுத்துவிட்டால் கொன்றவனுக்குப் பாவமில்லை என்று போதிக்கிற பண்டிகை அது. இரு தரத்துச் சண்டைக்கு நடுவே அகப்பட்டுச் செத்தார்கள் என்று பட்டாளத்தார் சொன்னார்கள். உயிர் தப்பினவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஜனங்கள் கொல்லப்பட்டார்கள். எதற்காகவும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

"அப்படியானால் புலிகள் யோக்கியர்களா?" என்று சிலர் பாய்வார்கள். அவர்கள் சக தமிழ் இயக்கத்தாரையே கொன்றவர்கள். 1989-ல் அமிர்தலிங்கத்தைக் கொன்றவர்கள். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் அவரோடு நின்ற ஏழை எளியவர்களையும் கொன்றவர்கள். இதை மறைப்பதில் நமக்கு லாபமில்லை. ஆனால் புலிகளின் குற்றத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன் எப்படி ஜவாப்தாரியாவான்?

கடைசியில் பிரேமதாசா சர்க்கார், போகச் சொல்லி நெருக்கியதோடு, இந்தியப் படையோடு சண்டையிட்ட புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தது. ஏறக்குறைய 1,200 சிப்பாய்களைப் பலிகொடுத்துவிட்டு, 1990 மார்ச் 24-ந் தேதி பட்டாளம் வெளியேறியது. சென்னையில் வந்திறங்கியபோது முதல் மந்திரி கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்காக அவரைத் தேசத்துரோகி என்றவர்கள் உண்டு. மாலை போட்டிருந்தால் ஆஸ்பத்திரிப் பிணங்கள் எழுந்திருக்குமா?

இவ்வளவும் சொன்னதால், எந்தக் காலத்திலும் எந்தப் பட்டாளமும் எல்லை தாண்டக்கூடாதென்று நாம் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் கொலை நடக்கும்போது சுவர் அவனுடையது என்று சும்மா இருப்பது மனிதத்தன்மையல்ல. 1971-ல் கிழக்கு வங்காளத்தில் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கக்ஷிக்கு அதிகாரம் கொடாமல் இராணுவத்தை ஏவினார்கள்; ஒரு கோடிப் பேர் அகதிகளாக ஓடி வந்தார்கள். டிசம்பரில் இந்தியப் பட்டாளம் போயிற்று. யுத்தம் இரண்டே வாரத்தில் முடிந்தது. 1972 மார்ச்சில் திரும்பியும் வந்துவிட்டது. பாகிஸ்தானை உடைக்கும் ஆசை டில்லிக்கு இல்லாமலில்லை. என்றாலும் அந்த ஜனங்கள் கேட்டார்கள், அவர்களுடைய சர்க்கார் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1971 ஏப்ரலில் இலங்கையில் வேலையற்ற சிங்கள வாலிபர்கள் கலகம் செய்தபோது, இதே இந்திரா காந்தி சர்க்கார் அவர்களை அடக்க இலங்கைச் சர்க்காருக்குப் படை உதவி செய்தது! ஏப்ரலில் சர்க்கார் பக்கம், டிசம்பரில் ஜனங்கள் பக்கம். இதில் கொள்கை எங்கே இருக்கிறது?

2009-க்கு வாருங்கள். முள்ளிவாய்க்காலில் கடற்கரை மணலில் ஜனங்களை நெருக்கி வைத்துக் குண்டு போட்டபோது, யாராவது வரமாட்டார்களா என்று கேட்டார்கள். புலிகளும் ஜனங்களைத் தப்பிப்போக விடவில்லை. கேட்காத 1987-ல் போன பட்டாளம் கேட்ட 2009-ல் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, அந்த மே மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைச் சபையில் இலங்கைச் சர்க்காருக்கு அனுகூலமான தீர்மானத்துக்கு இந்தியா கை தூக்கியது.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான்: சாகப்போகிறவன் கேட்டிருக்க வேண்டும், போகிறவன் எப்போது திரும்புவான் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், துறைமுகமோ எண்ணெயோ கூலியாகப் பேசியிருக்கக் கூடாது, அங்கே செய்கிற குற்றத்துக்கு இங்கே விசாரணை இருக்க வேண்டும். இந்த அளவுகோலுக்கு 1987 சற்றும் தேறாது. நாளைக்கு டில்லி எந்த நாட்டுக்குப் பட்டாளம் அனுப்பினாலும், பார்லிமெண்டில் நம் ஜில்லாப் பிரதிநிதி இந்தக் கேள்விகளையே கேட்க வேண்டும்.

இதற்கிடையில், படை அனுப்பாமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் ஜில்லாவிலேயே காத்திருக்கிறது. தும்பலஅள்ளி அணைப் பக்கத்திலும் நாகாவதி அணைப் பக்கத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினபோது பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானம் மூன்றையும் சேர்த்தார்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. இவர்களைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கடல் தாண்டி அனுப்பினதாகச் சொல்லும் சர்க்கார், பாலக்கோட்டுச் சந்தைக்கு நடந்தே வந்து நிற்கிற இவர்களுக்கு ஒரு குடியுரிமைக் காகிதத்தைக் கொடுக்க மறுப்பதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறது?