எழுத்துருவும் இளம் வாசகரும்

சென்னையில் வளரும் குழந்தை பள்ளிக்குச் செல்லும் முன்பே தமிழ் எழுத்துகளைப் பார்த்துப் பழகிவிடுகிறது. பேருந்து, கடைப் பலகை, சுவரொட்டி, நாளிதழ் என எங்கும் தமிழ் எழுத்து அதன் கண்ணில் படுகிறது. பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தையின் நிலை வேறு. வீதியில் அது மிகுதியாகக் காண்பவை கன்னடமும் ஆங்கிலமும் ஆகும். வீட்டில் தமிழ் காதில் விழுகிறது. கண்ணில் படுவதோ அரிது. அல்சூர்த் தமிழ்ச் சங்க நூலகம் போன்ற சில இடங்களை விடுத்தால், அக்குழந்தை தமிழ் எழுத்தைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பாடநூலே. எனவே, அந்நூல் எந்த எழுத்துருவில் அச்சிடப்படுகிறது என்பது சிறிய செய்தி அன்று.

ஒரு மொழியின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே பாணியில் வரைந்து அமைத்த தொகுதியே எழுத்துரு. ஆங்கில எழுத்துருக்களில் இரு பெரும் வகைகள் உண்டு. கோடுகளின் முனையில் சிறு குறுங்கோடுகள் அமைந்தது செரிஃப் வகை. உரோமானியர் கல்லில் செதுக்கிய எழுத்துகளிலேயே இக்குறுங்கோடுகளைக் காணலாம். அவை இல்லாதது மற்றொரு வகை. அதில் கோடுகள் பெரும்பாலும் ஒரே தடிமனில் இருக்கும். 1932 ஆம் ஆண்டு இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் புதிய செரிஃப் எழுத்துரு ஒன்றை ஏற்றது. ஸ்டான்லி மோரிசனின் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் அதனை வரைந்தார். குறைந்த இடத்தில் நிறைய சொற்கள் அடங்க வேண்டும். படிப்பவர் கண்ணும் சோரக்கூடாது என்பதே அதன் நோக்கம். 'டைம்ஸ் நியூ ரோமன்' எனப்படும் அவ்வெழுத்துரு பின்னர் நூல்களிலும் கணினிகளிலும் பரவியது.

கன்னட எழுத்துகள் பலவற்றின் உச்சியில் 'தலைகட்டு' என்னும் கோடு உண்டு. தமிழ் எழுத்தில் தலைகட்டும் இல்லை, முனைக்கோடும் இல்லை. எழுத்தாணியால் ஓலையில் கீறிய தமிழ் எழுத்து மெல்லிய, சீரான கோடுகளால் ஆனது. அச்சு வந்தபின் தடிப்பும் மெலிவும் அதில் இடம்பெற்றன. இன்று விலையின்றிக் கிடைக்கும் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவில் இவ்வேறுபாட்டைக் காணலாம். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவிலோ கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிமனில் உள்ளன.

படிப்போருக்காகவும் அச்சிடுவோருக்காகவும் தமிழ் எழுத்து பலமுறை திருத்தம் பெற்றுள்ளது. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த அச்செழுத்துகள் பெரியனவாய் இருந்து தாளை மிகுதியாக விழுங்கின. ஆகவே, சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தெளிவாகப் பிரித்தறியும் வடிவங்களை வீரமாமுனிவர் தந்தார். பெரியார் 1935 ஆம் ஆண்டு முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்றது. ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றது அதனால்தான்.

வடிவத்தில் இத்துணைக் கவனம் ஏன்? 'எரி' என்றால் நெருப்பு. 'ஏரி' என்றால் நீர்நிலை. நெருப்பையும் நீரையும் பிரிப்பது ஏகாரத்தின் அடியில் உள்ள ஒரு சிறு கோடே. 'மனம்', 'மணம்' ஆகியவற்றைப் பிரிப்பது ஒரு சுழி. 'பாரம்' என்னும் சொல்லில் துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரகரத்தின் அடிச்சாய்வு தெளிவாக இல்லையெனில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தமிழில் பழகியவர் சொல்லை முழுமையாகக் கண்டு, தவறு நேராமல் கடந்துவிடுவார். புதிதாகக் கற்கும் குழந்தையோ ஒவ்வோர் எழுத்தாக நடந்து செல்கிறது. அதற்கு ஒவ்வொரு சுழியும் வழிகாட்டிக் கல்.

ஒரே தடிமன் கொண்ட எழுத்தே புதுமையானது, அழகானது என்பர் சிலர். பெயர்ப்பலகைக்கும் கைப்பேசித் திரைக்கும் அது பொருந்தும். தொலைவிலும் சிறு திரையிலும் மெல்லிய கோடுகள் மறைந்துவிடக்கூடும் அன்றோ? ஆயினும், பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய நூலின் தேவை வேறு. முதன்மைக் கோடு தடித்தும் இணைப்புக் கோடு மெலிந்தும் இருந்தால், சுழிகளின் உட்புறம் அடைபடாமல் திறந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து வேறுபாடும் புலப்படும். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் நெருக்கி அச்சிட்டால் ணகரத்தின் மூன்று சுழிகளும் ஒரே கரும்புள்ளியாகிவிடும். அத்தகைய பக்கத்தில் தடுமாறும் குழந்தையைப் பார்த்து, 'தமிழ் கடினம்' என்று பெரியோர் முடிவு கட்டிவிடுகின்றனர். பிழை மொழியில் இல்லை, அச்சில் இருக்கிறது.

ஆகவே, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் குழந்தைகளுக்கு நூல் ஆக்குவோர், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் அதே அக்கறையுடன் எழுத்துருவையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தடிப்பும் மெலிவும் உடைய நூலெழுத்து, போதிய அளவு, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவைகள். அலங்கார எழுத்துகள் தலைப்போடு நிற்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன், தமிழ் கற்கத் தொடங்கிய ஒரு குழந்தையிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, 'எரி', 'ஏரி' என்னும் சொற்களைப் படிக்கச் சொல்லலாம். அக்குழந்தை தயங்காமல் படித்தால் அந்த எழுத்துரு தேர்ச்சி பெற்றது எனக் கொள்ளலாம்.