வைத்தியர் பக்கம்: பிள்ளைகளுடன் கடலோரப் பயணம்

கோடை விடுமுறை நெருங்கினால், "டொக்டர், காரில் வடகடல் பக்கம் போகிறோம், என்ன மருந்து கொண்டுபோகலாம்?" என்று கேட்பவர்கள் பலர். மருந்துப் பை பெரிய விடயமல்ல. பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்பதே என் கேள்வி.

நீச்சலுடையில் 'சீப்ஃபேர்ட்ஷென்' சின்னம் தைத்திருந்தால் போதுமென நினைக்கிறோம். அது தொடக்கம் மாத்திரமே. 1913இல் தோன்றிய உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி., வெண்கலச் சின்னம் பெற்றவரையே நம்பி நீந்தவிடலாம் என்கிறது. என் மகள் 14 வயதிற்றான் அதைப் பெற்றாள். நீந்தத் தெரியாத நான் துவாயுடன் கரையில் நின்றேன்.

காரைநகர்க் கடல் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்காது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அது 3 மீற்றருக்கு மேல். ஏறத்தாழ 6 மணித்தியாலம் வற்றும், பிறகு பெருகும். வற்றிய சேற்றில் பிள்ளைகள் நண்டு தேடி நடக்க, பின்னாலுள்ள ஓடைகள் முதலில் நிரம்பி வழியை மறித்துவிடும். ஆகவே அவ்வூர் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கும் பொறுப்பை 15 வயதுக்காரனிடமே கொடுங்கள். நாம் சொன்னால் முகம் சுளிப்பான். தானே கணித்தால் நேரத்துக்குத் திரும்புவான். அவசரத்துக்கு 112.

இன்னொன்று. இடியப்பம் கட்டிக்கொண்டு அதிகாலை 4 மணிக்குப் புறப்படுவது நம் வழக்கம். இந்த வயதில் உடற்கடிகாரமே பிந்தி ஓடுகிறது. அவர்கள் தூங்குவது சோம்பலால் அல்ல. 9 மணிக்குப் புறப்படுங்கள். ஓட்டுகிற அப்பாவும் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும்.