கண்ணாடிச் சட்டத்துக்குள் பசி

மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு குழந்தையின் முகம். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வை இல்லை. மூடுவதற்கு முன் ஒரு கை அந்த முகத்தைத் தடவுகிறது. 1984 டிசம்பரில் போபாலில் ரகு ராய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. அதே குழந்தையை பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படத்துக்கான உலகப் பரிசு அதற்குக் கிடைத்தது. உலகமே பார்த்துவிட்ட அந்த முகத்துக்கு ஒரு பெயர் மட்டும் கிடைக்கவில்லை. 'அடையாளம் தெரியாத குழந்தையின் அடக்கம்' என்றுதான் ராயின் படம் இன்றும் அறியப்படுகிறது.

இத்தகைய படங்கள் முதலில் நம்மை வந்தடைந்தது பத்திரிகைத் தாளில். பார்த்தோம், பதறினோம், மறுவாரம் அந்தத் தாள் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயிற்று. இன்று அவற்றைக் கலைக்கூடங்களில் பார்க்கிறோம். வெள்ளைச் சுவர், அளவான வெளிச்சம், குளிர்பதன வசதி, தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ள வைக்கும் அமைதி. திறப்பு விழா என்றால் வந்தவர்கள் கையில் ஒரு கோப்பையும் இருக்கும். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது புகைப்படத்தின் இயல்பு. பத்தே பிரதி, அதிலும் எண்ணிட்டுக் கையெழுத்திட்டது என்பது சந்தையின் ஏற்பாடு. செய்திக்காக எடுத்த படம் இப்படித்தான் சேகரிப்பாளரின் சொத்தாகிறது.

இது அடுக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பசியையும் மரணத்தையும் அழகாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டினால், பார்ப்பவன் இறந்தவரைப் பார்ப்பதில்லை, ஒளியையும் நிழலையும்தான் ரசிக்கிறான் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பின் பதிலையும் தள்ளிவிட முடியாது. பத்திரிகைத் தாள் மக்கிப்போகும். அருங்காட்சியகத்தின் சுவர்தான் நினைவை வைத்திருக்கும். மாட்டாவிட்டால் மறந்துவிடுவோம்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் சுவர் அல்ல, அதில் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறு அட்டை.

இதைப் புரிந்துகொள்ள 1943க்குப் போக வேண்டும். வங்காளப் பஞ்சத்தில் பசியாலும் அதன் பின்னால் வந்த நோய்களாலும் மாண்டவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர் என்கின்றன மதிப்பீடுகள். ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருக்களில் கண்டதை, கரியைக் குழைத்துத் தானே தயாரித்த மையால், பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில் வரைந்தார். சித்தப்ரசாத் மிதுனபுரி மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்து வரைந்தார். சுனில் ஜானா கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' பத்திரிகைக்காகப் புகைப்படங்கள் எடுத்தார். மூவரும் மனதில் வைத்திருந்தது கலைக்கூடத்தை அல்ல. பார்ப்பவர் கோபப்பட வேண்டும், அரிசி வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்ரசாத் வெறும் படம் வரைந்துவிட்டு வரவில்லை. தான் பார்த்தவர்களோடு பேசினார். பெயர், ஊர், என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டார். படங்களையும் எழுத்தையும் சேர்த்து 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு நூலாக 1943 முடிவதற்குள் வெளியிட்டார். பிரிட்டிஷ் அரசு அதைக் கைப்பற்றி அழித்தது. வெறும் ஓவியமாக இருந்திருந்தால் விட்டுவைத்திருக்கலாம். பெயரும் ஊரும் காரணமும் சேர்ந்துவிட்டால் அது சாட்சியம். சாட்சியத்தைக் கண்டுதான் அரசுகள் பயப்படும். ஒரு பிரதி மட்டும் அவர் குடும்பத்தில் தப்பியிருந்தது. 2011இல் டெல்லியின் ஒரு கலைக்கூடம் அதை அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. சந்தை செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அட்டைக்கு வருவோம். அதில் வழக்கமாக என்ன இருக்கும்? ஓவியர் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், 'தலைப்பில்லை', 'காகிதத்தில் மை', அளவு சென்டிமீட்டரில். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1942இல் பர்மா ஜப்பானியர் வசம் போனது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று கடலோர மாவட்டங்களின் நெல்லும் படகுகளும் அப்புறப்படுத்தப்பட்டது, அவ்வருட அக்டோபரில் மிதுனபுரியைப் புயல் சூறையாடியது, அரிசி விலை கூலிக்காரனின் கைக்கு எட்டாமல் ஏறியது ஆகிய எதுவும் அதில் இராது. உணவுப் பற்றாக்குறை மட்டுமே அந்தப் பஞ்சத்துக்குக் காரணம் அல்ல, வாங்கும் சக்தி பறிபோனதுதான் என்று அமர்த்தியா சென் 1981இல் புத்தகமே எழுதினார். நான்கு வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி. அது இல்லாதபோது, எலும்பும் தோலுமாக ஒரு தாய் எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும், யாருடைய தவறாலும் இல்லாமல் பசித்திருக்கிறாள். விதிபோல. படத்தை அழகுப் பொருளாக்குவது சட்டமோ விளக்கோ அல்ல, இந்த மறைப்புதான்.

காரணத்தைச் சொல்லாமலும் கலை பேச முடியும் என்பதற்குச் சோம்நாத் ஹோர் ஒரு சாட்சி. இளைஞராகப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்தவர், சித்தப்ரசாத்தின் அருகிலிருந்து கற்றவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களில், அவர் 'காயங்கள்' வரிசையைச் செய்தார். வெள்ளைக் காகிதக் கூழில் வெறும் கீறல், பிளவு, வடு. மனித உருவமே இல்லை. ஆனால் யாருடைய தோல் அது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓவியனுக்கு அந்த அவகாசம் உண்டு. கண்டதை முப்பது வருடம் உள்ளே வைத்திருந்து வேறு உருவில் வெளியே எடுக்கலாம். புகைப்படக்காரருக்கு அது இல்லை. அவர் அந்த நொடியில் அங்கே நின்றாக வேண்டும். எதிரே இருப்பவர் நிஜமான ஆள், நிஜமான பெயர் உள்ளவர். ஆகவே அவர் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். கௌரி கில் 1999 முதல் ராஜஸ்தானின் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருபவர். அங்கே எடுத்த படங்களுக்காக 2023இல் 'ப்ரி பிக்தே' என்ற சர்வதேசப் பரிசு பெற்றார். 2003இல் லூண்கரண்சரில் பெண் குழந்தைகளுக்காக நடந்த ஒரு மேளாவில் படம் எடுக்கும் கூடாரம் போட்டார். எப்படி நிற்பது, எதைக் கையில் பிடிப்பது, யாரோடு சேர்ந்து நிற்பது என்பதையெல்லாம் தீர்மானித்தது வந்த பெண்கள்தான். வறட்சிக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் பேர்போன பிரதேசம். ஆனால் படங்களில் இருப்பவர்கள் பரிதாபத்துக்கு உரியவர்கள் அல்லர். நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் சங்கடப்படுவது நாம்தான்.

தமிழ்நாட்டில் எம். பழனிகுமார் செய்வதும் இந்த வகைதான். மலக்குழிகளில் இறங்கி இறந்துபோன தொழிலாளர்களையும், அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களையும் தொடர்ந்து படமெடுத்து வருபவர் அவர். 2013இல் சட்டம் இயற்றித் தடைசெய்த வேலை அது. சட்டத்துக்குப் பிறகும் நடக்கும் சாவுகளுக்கு அவர் படங்கள் ஆதாரம். அவர் இன்னொன்றும் செய்கிறார்: உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலை கற்றுத் தருகிறார். படம் எடுக்கப்படுகிறவராக மட்டுமே இருந்த தெரு, படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தப் படங்கள் நகரத்துக் கூடத்தில் மாட்டப்படும்போது, மாட்டலாமா கூடாதா என்ற கேள்வியைப் பார்வையாளர் கேட்பதைவிடப் படத்திலிருப்பவர் கேட்பது முறை. அவரே மாட்டச் சொன்னால் நமக்கென்ன ஆட்சேபம்?

மறுபடி போபால். அங்கே 2014 டிசம்பரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். விஷவாயுவில் பிழைத்தவர்களின் இயக்கங்கள் முன்னின்று உருவாக்கியது. இறந்த குழந்தையின் சட்டை, குடும்பப் புகைப்படம், உயிர் பிழைத்தவர் தம் குரலில் சொல்லும் கதை என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். கலை விமரிசகர் பேசுவதற்கு அங்கே ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் இன்னாருடையது என்று தெரியும். பெரிய கலைக்கூடங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்தச் சிறிய கட்டடத்தில் இருக்கிறது.

பெங்களூரில் 2023இல் ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் சேர்த்தே ஒரு பெரிய அருங்காட்சியகம் எழுந்தது. கொச்சியில் 2012இல் தொடங்கிய கலைக் காட்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அதில் கலைக்கூட வாசலை அதற்குமுன் மிதித்திராதவர்கள் ஏராளம். கூட்டம் வருகிறது. வந்தவர்கள் கையில் என்ன கொடுத்தனுப்புகிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. இன்னும் நாலு வரி, வந்தவர்களுக்குப் புரியும் மொழியில். இடம், வருடம், காரணம், முடிந்தால் பெயர். காலம் தாழ்ந்ததால் பெயர் கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

போபால் குழந்தையின் படத்துக்கு அப்படி ஓர் அட்டை எழுதுவது சிரமமே இல்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலை, மீதைல் ஐசோசயனேட். 1989இல் 47 கோடி டாலருக்கு நஷ்டஈடு முடிந்தது. ஆலை வளாகத்தில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன் பீதம்பூருக்குப் போனது 2025 ஜனவரியில். நாற்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் படம் அதற்குள் உலகத்தின் எத்தனையோ சுவர்களைப் பார்த்துவிட்டது.